பூண்டு வாசம்

பூண்டு வாசம்தான், அதில் சந்தேகமில்லை, எந்தப் பூண்டு என்பதில்தான் கோகிலவாணிக்குச் சந்தேகம். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சமையல்கட்டில் அவளுடைய ஓரகத்தி துளசிமணி, அந்தக் குழந்தையைப் பெற்றுத் தலைப்பிரசவம் முடிந்து தாய்வீட்டில் இருக்கிற மகளுக்காக உரித்த பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக்கொண்டிருந்தாள். அந்த வாசம் ஒன்று. பெற்றவளுக்குப் பால் ஊறப் பூண்டு கொடுப்பது ஊர் உலகத்தில் உள்ளதுதான், அதை யார் குறை சொல்ல முடியும். ஆனால் கோகிலா வந்ததும் வராததுமாகக் கால் கழுவப் புறக்கடைக்குப் போனாளே, அங்கே கொய்யாக் கிளையில் மருந்தடிக்கிற டப்பா கவிழ்த்து மாட்டியிருந்ததே, யாரும் பார்க்கவில்லை என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு அதன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனபோது அடித்ததும் பூண்டு வாசம்தானே. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயை அரைத்துக் கரைத்துப் பூச்சிக்குத் தெளிப்பது துளசிமணியின் வழக்கம், அந்தப் பூண்டு என்றால் அது நல்ல பூண்டு. ஆனால் கடையில் சிவப்பு முக்கோணம் போட்டு விற்கிற விஷ மருந்திலும் சிலதுக்கு இதே வாசம் உண்டு. கோகிலாவுக்குத் தெரியாததா. பிறந்த வீட்டில் அப்பா பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வாசலில் வந்து நிற்பார், அம்மா அந்தச் சட்டையைக் கையால் தொடாமல் குச்சியில் தூக்கிப்போய்த் தனியாக அலசுவாள், அலசின பிறகும் கொடியில் அந்தச் சட்டை மட்டும் ரசம் தாளித்த மாதிரி மணக்கும். ஒரு நாள் வரப்பிலேயே சுருண்டு விழுந்து வாயில் எச்சில் ஒழுகக் கிடந்தவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார். அந்தக் கதையைத்தான் அவள் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாள், ஏன் இந்த நஞ்சில்லாத் துணித் தொழிலுக்கு வந்தீர்கள் என்றால் எங்கப்பா என்றுதான் ஆரம்பிப்பாள். போனில் சொல்லி, கண்காட்சியில் சொல்லி, படம்பிடிக்க வந்தவர்களிடம் சொல்லி, இப்போது அது அப்பாவுக்கு நடந்ததா வேறு யாருக்கோ நடந்ததா என்றுகூட ஆகிவிட்டது. எச்சில் ஒழுகினது நிஜம். அம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தது நாமாகச் சேர்த்ததோ. சேர்த்ததுதான் போல. அம்மா அன்றைக்கு ஊரிலேயே இல்லையே.

வாசல் வேப்பமரத்தடியில் வண்டி நிற்கிறது. டிரைவர் மாரப்பன் ஏற்கனவே இரண்டு தரம் வந்து, ஏத்தலாங்களாக்கா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார், சாப்பிட்டுட்டு ஏத்திக்கலாம் என்று அவளும் சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னோம். பசியா, பசி ஒன்றும் இல்லை. முன்னறை நிறையப் பருத்தி மூட்டைகள் உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்தன, கதவு இடுக்கில் வெள்ளை வெள்ளையாகப் பிதுங்கி எட்டிப் பார்த்தன. அவற்றை ஏற்றிப்போய்க் கொட்டை நீக்கி, நூலாக்கி, துணியாக்கி, திருப்பூரில் தன் கடைக்குப் பச்சைப் பிள்ளைகளின் சட்டையாகத் தைக்க வேண்டும். ஒவ்வொரு சட்டையிலும் ஒரு சீட்டுத் தொங்கும், அதில் துளசிமணி பருத்திக் காட்டில் நின்று சிரிக்கிற படம், கீழே நஞ்சில்லாப் பருத்தி என்று எழுத்து. எங்கெங்கோ இருக்கிற தாய்மார்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று எழுதுவார்கள். அக்கா. அந்த அக்கா இப்போது உள்ளே கரண்டியைத் தட்டுகிற தட்டில்கூட ஏதோ இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு வாங்க வந்தவர் தன் வாயால் ஏத்துங்க என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் முதல் மூட்டை தரையை விட்டுக் கிளம்பும். சொல்லிவிட்டால் சொல்லியாயிற்று, அதற்கப்புறம் எடையிலோ சரக்கிலோ விலையிலோ வாங்கினவர் குறை சொல்லக் கூடாது, விற்றவரும் இன்னொருத்தருக்குத் தருகிறேன் என்று பின்வாங்கக் கூடாது. அண்ணன் தம்பி கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகளுக்கும் அதுதான் சட்டம். ஒரே ஒரு வார்த்தை. அது காலையிலிருந்து நாக்கின் அடியில் உளுந்துத் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. வரும் வழியில் மாரப்பன் வேறு, இந்த வருசம் சந்தையில மருந்தடிச்ச பருத்திக்கே உங்க வெலைதானுங்க ஓடுது என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தார். எதற்குப் பார்த்தார். சும்மா பார்த்திருப்பார்.

சும்மா. அந்தச் சும்மாதான் கார்த்திகையிலிருந்து அறுக்கிறது. கார்த்திகையில் ஒரு சாயங்காலம் துளசிமணி போன் மேல் போன் போட்டாள். மேசை மேல் பெயர் மினுங்கி மினுங்கி அணைந்தது. முன்பணம் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று கோகிலா நினைத்தாள், நினைத்துப் போனைக் கவிழ்த்து வைத்தாள், கவிழ்த்து வைத்த பிறகும் அது மேசையில் வண்டு மாதிரி முனகிக்கொண்டே நகர்ந்தது. தையல்காரப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனிக்காரங்க, எப்பப் பாரு ஏதாச்சும் விக்கறதுக்குக் கூப்புடுவாங்க என்று அவர்களிடம் சொன்னாள். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, யாரும் கேட்கவில்லை. மறுநாள் இவளாகக் கூப்பிட்டபோது துளசிமணி, ஒண்ணுமில்ல கண்ணு, சும்மாதான் கூப்புட்டன் என்றாள். துளசிமணி சும்மா கூப்பிடுகிறவள் இல்லை. நாத்தனார் செத்ததுக்கே ஒரு தரம் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, பஸ் நேரத்தையும் சொல்லி வைத்துவிட்டவள். அப்படிப்பட்டவள் ஒரே சாயங்காலத்தில் விடாமல் கூப்பிட்டுவிட்டுச் சும்மா என்றால் அது என்ன சும்மா. அப்போதே கேட்டிருக்கலாம். என்னங்கக்கா விஷயம் என்று ஒரு தரம் அழுத்திக் கேட்டிருந்தால் வந்திருக்கும். கேட்கவில்லை. பிறகு பொங்கலுக்கு வந்தபோது கேட்டிருக்கலாம். பொங்கலுக்கு வந்தபோது காட்டைப் பார்த்தாள், செடியெல்லாம் ஒரே சீராகக் காய்த்து நின்றது, புழு விழுந்த காய் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லார் காட்டிலும் காய்ப்புழு என்று கேள்விப்பட்டு வந்தவளுக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சந்தேகம்தான் வந்தது. இத்தனை சுத்தமாக ஒரு காடு இருக்குமா. சுத்தம் என்று சொல்லித்தான் விற்கிறோம், சுத்தத்தைக் கண்டால் பயமாக இருக்கிறது, இது என்ன பிழைப்பு. இலையை, பஞ்சைச் சோதனைக்கு அனுப்பலாம். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அனுப்பினால் முடிவு வரும், வந்தால் படிக்க வேண்டும், படித்தால் தெரிந்துவிடும்.

குழந்தை நெளிந்தது. அவள் தொடையை ஆட்டினாள், அது உதட்டைச் சப்பிவிட்டு மறுபடி தூங்கிப்போயிற்று. சுற்றியிருந்தது பழைய வேட்டித் துணி. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக் கூடாது, பழசைத்தான் சுற்ற வேண்டும், பேர் வைக்கிற வரைக்கும் அப்படித்தான், அது அவளுக்கும் தெரியும். ஆனால் பேர் வைத்து முடிந்துவிட்டதே. பேர் வைக்கிற அன்றைக்கு அவள் ஒரு கட்டுச் சட்டை கொண்டுவந்து கொடுத்தாளே, எல்லாம் போன வருசத்துப் பருத்தி, இந்தக் காட்டிலேயே விளைந்தது. ஒன்றுகூடப் போட்டுக் காணோம். தன் காட்டில் விளைந்த துணியைத் தன் பேத்திக்குப் போட மாட்டேன் என்கிறாள் என்றால் விளைவித்தவளுக்கு எதுவோ தெரிந்திருக்கிறது. ஓட்டல்காரன் தன் ஓட்டலில் சாப்பிட மாட்டான் என்பார்கள். அப்படியென்றால் போன வருசமும். அதற்கு முந்தின வருசமும். எத்தனை பிள்ளைகள், எத்தனை கழுத்து, அக்குள், தொடையிடுக்கு. உள்ளறையிலிருந்து துளசிமணியின் மகள் சிந்துஜா தலையை முடிந்துகொண்டே வந்தபோது அவளிடம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, சட்டையெல்லாம் எடுத்து வெச்சிருக்கியா சிந்து என்று கேட்டாள். அவள் சிரித்தாள். “அது தலையில நொழையவே மாட்டீங்குது சித்தி. இவங்கய்யன் மண்டை இவளுக்கு. உங்க சட்டைக்குக் கழுத்தப் பெருசா வெக்கோணும்.” சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். இதுவும் பொருந்துகிறது. குழந்தைக்குத் தலை பெரிதுதான். ஆனால் எதுதான் பொருந்தவில்லை. பொய் என்பது பொருந்துவதற்காகவே பிறந்தது. அடுத்த கணமே மனசு தையல்காரப் பெண்கள் மேல் தாவியது, கழுத்துக்கு அளவு குறைத்துத் துணியை மிச்சம் பிடிக்கிறார்களோ. பிறகு தன் மேலேயே தாவியது, ஏனென்றால் அந்தச் சட்டைகளைத் தைத்த நூல் பருத்தி நூல் இல்லை. பருத்தி நூல் மெஷின் ஓட்டத்துக்கு அறுந்து அறுந்து போகிறது என்று பாலியஸ்டர் நூலைத்தான் மாட்டச் சொல்லியிருக்கிறாள், சீட்டில் முழுக்கப் பருத்தி என்று போட்டிருக்கிறாள். தையல் நூலை யார் கேட்கப்போகிறார்கள். யாரும் கேட்டதில்லை. கேட்காததையெல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கடையே நிற்கிறதோ என்று ஒரு நினைப்பு வந்தது, அதை உடனே தள்ளிவிட்டாள். ஒரு ஊரில் ஒருத்தன் அவரைக்கொட்டை விதைத்தானாம். முளைத்ததா முளைத்ததா என்று தினம் விடிந்ததும் தோண்டிப் பார்த்தானாம். முளை வந்த அன்றைக்கும் தோண்டினான், பார்த்ததும் பொண்டாட்டியைக் கூப்பிட்டு, விதைத்த இடத்தில் எவனோ முளையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றானாம். ஊரே சிரித்ததாம். இவளுக்கு எப்போதும் அந்த இடத்தில் சிரிப்பு வராது. அவன் சொன்னது நடந்திருக்கவும் கூடுமே என்று இருக்கும்.

அடுப்பை அணைத்த சத்தம் கேட்டது. துளசிமணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டாள், போட்டுவிட்டு ஆட்டாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாப்பிடக் கூப்பிடப்போகிறாள் என்று கோகிலா எழுந்தாள். உக்காரு என்றாள் துளசிமணி. வண்டிக்காரங்களுக்கு நேரமாவுதுங்கக்கா என்றாள் இவள். அவங்க நிக்கட்டும், நீ உக்காரு என்றாள் அவள். வெளியே மாரப்பன் யாருக்கோ போனில் உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். கோகிலாவுக்கு ஏனோ அந்தச் சிரிப்பு நிற்காமல் இருந்தால் தேவலை என்று இருந்தது. வேறு எதையாவது பேச வேண்டும், சிந்துவை எப்போது புருஷன் வீட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்கலாம், மச்சாண்டார் எங்கே காணோம் என்று கேட்கலாம். வாயைத் திறந்தாள். அதற்குள் துளசிமணி சொல்லிவிட்டாள்.

“கார்த்திகைல மருந்தடிச்சுப்போட்டன் கோகிலா. ஒருக்காதான் அடிச்சன். ஆனா காடு பூராவும் அடிச்சன்.”

தொட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பூண்டுக் கரைசல் அடித்துப் பார்த்தாளாம், வேப்பெண்ணெய் அடித்துப் பார்த்தாளாம், உன்ற மச்சாண்டாரும் நானும் கையாலயே புழுவப் பொறுக்கிச் சட்டியில போட்டம், காத்தால பாத்தா பொறுக்குன எடத்துலயே மறுக்காவும் புழு என்றாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் காடே போயிருக்கும். “அன்னிக்கு உன்னக் கூப்புட்டன். நீ எடுத்திருந்தா என்ன கேட்டிருப்பன்னு இப்பவும் எனக்குத் தெரியாது. அடிக்காதீங்கன்னு ஒருத்தராச்சும் சொல்லட்டும்னு இருந்திருக்கும். அதுக்கப்பறம் நீ கூப்புட்டப்பச் சொல்ல நாக்கு வரல.” போன வருசமெல்லாம் அப்படி இல்லை, இந்த வருசம்தான், அம்மன் மேல் ஆணை என்றாள். பிறகு, நீ ஏத்தச் சொல்றதுக்கு முந்தியே சொல்லிப்போடோணும்னு காத்தால இருந்து பாக்கறன், பூண்டு உரிக்கறன், பூண்டு உரிக்கறன், உரிச்சு முடிய மாட்டீங்குது என்றாள்.

அப்படியா. கோகிலா தலையை ஆட்டினாள். அப்பாடா என்று ஒன்று மனசுக்குள் இறங்க வேண்டுமே, இத்தனை நாள் இதைத்தானே தோண்டினோம். இறங்கவில்லை. இறங்குகிற வழியிலேயே இன்னொன்று எழுந்து குறுக்கே நின்றது. இப்போது ஏன் சொல்கிறாள். கார்த்திகையில் சொல்லவில்லை, பொங்கலுக்குச் சொல்லவில்லை, வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு, ஏத்துங்க என்று நான் சொல்வதற்கு ஒரு மூச்சு முன்னால் சொல்கிறாள். சொல்லுக்கு முன்னால் குறை சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் கட்டு இல்லை. கட்டு இல்லை என்றால் பருத்தி சந்தைக்குப் போகலாம். சந்தையில் மருந்தடித்த பருத்திக்கே என் விலை ஓடுகிறது, மாரப்பன் சொன்னாரே, கண்ணாடியில் பார்த்தாரே. சந்தையில் இன்றைக்குப் போட்டால் இன்றைக்கே பணம், நான் என்றால் சட்டை விற்க விற்கத் தவணை தவணையாகக் கொடுப்பேன். ஆக மருந்தே அடிக்கவில்லை. அடித்தேன் என்று சொன்னால் நானாகவே வேண்டாம் என்று போய்விடுவேன், உறவும் முறியாது, சொல்லும் தவறாது. உத்தமி என்ற பெயரும் மிச்சம். எவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருக்கிறாள், பிசிறு ஒன்று இல்லை. அந்த அம்மன் ஆணைகூட போன வருசத்துக்குத்தானே போட்டாள், இந்த வருசத்துக்குப் போடவில்லையே. மருந்தடித்ததை மறைக்கிறாளா என்று இத்தனை நாள் பயந்தது போக, மருந்தடிக்காததை மறைக்கிறாளா என்று இப்போது பயம், எதைப் பிடித்தாலும் அதன் மறுபுறம் கையில் வழுக்குகிறது. சரி, பார்த்துவிடலாம். நிஜத்தைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, பொய்யென்றால் அவள் முகத்தில் அந்த வார்த்தை அடியாக விழும். வாசல் பக்கம் திரும்பி, கண்ணை மட்டும் துளசிமணி மேலேயே வைத்துக்கொண்டு, உரக்கச் சொன்னாள்.

“மாரப்பண்ணா, ஏத்துங்க.”

குரல் அத்தனை சாதாரணமாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். மாரப்பன் போனைச் சட்டைப் பையில் போட்டார், சுமை தூக்குகிறவன் துண்டைச் சும்மாடாகச் சுற்றினான், முன்னறைக் கதவு கிரீச்சென்றது. துளசிமணியின் முகத்தில் அடி விழவில்லை. கோபமும் இல்லை, திருட்டு விழியும் இல்லை. தெரிந்த ஆள் என்று நினைத்துக் கையைப் பிடித்துவிட்டு, வேறு யாரோ என்று தெரிந்ததும் ஒரு பார்வை பார்ப்பார்களே, அது. “நான் சொன்னது உன்ற காதுல உழுந்துச்சா?” என்று மெதுவாகக் கேட்டாள். உழுந்துச்சுங்கக்கா என்றாள் கோகிலா. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் தெரிந்தது. நான் சோதித்துப் பார்த்தேன் என்று விளக்க வாயெடுத்தாள், எதைச் சோதித்தேன் என்று சொல்வது, உங்களைத் திருடி என்று நினைத்தேன் என்றா. அதற்குள் துளசிமணி அவளைத் தாண்டி வாசலுக்கு இறங்கிவிட்டாள். முதல் மூட்டை தலைச்சுமையாக வெளியே வந்திருந்தது. அதன் மேல் கையை வைத்து, எறக்கு கண்ணு என்றாள். சொன்ன சொல்லுக்கு அப்பறம் எறக்கறதுங்களா, இந்த ஊர்ல நான் பாத்ததே இல்லீங்களே என்று மாரப்பன் வேடிக்கையாகச் சொன்னார், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வேடிக்கையை விழுங்கிக்கொண்டார். துளசிமணி திரும்பிக் கோகிலாவைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள். “இதெ வேணும்னா நேரா சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போ. வர்றதெ நீயே வெச்சுக்க, எனக்கு ஒரு பைசா வேண்டாம். என்ற மூஞ்சி போட்ட சீட்டு மட்டும் இதுல தொங்கப்படாது.”

கோகிலா அந்த வார்த்தைகளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்காவது ஒரு கிழிசல் இருக்கும், ஒரு மடிப்புக்குள் ஏதாவது இருக்கும். சந்தை விலை வேண்டும் என்றால் பணம் வேண்டாம் என்பாளா. உறவுக்குப் பயந்தாளா, ஊருக்குப் பயந்தாளா, பேத்தி பிறந்த வீட்டில் பாவம் கூடாது என்றா. எதை வைத்துத் தைத்தாலும் நிற்கவில்லை, அந்தப் பொம்பளை வெறுமனே வெயிலில் மூட்டை மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான், அதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. சந்தேகப்பட ஆள் இல்லாமல் போனதும் கோகிலாவுக்குத் தனியாக விட்ட மாதிரி இருந்தது. இப்போது மிச்சம் இருப்பது என்ன, துணி வெட்டுவதற்குக் காத்திருக்கிற மேசை, மெஷின் முன்னால் வந்து உட்காரப்போகிற பெண்கள், தருகிறேன் என்று சொல்லி வாங்கிவிட்ட ஆர்டர்கள். மருந்தடிக்காத பருத்தி இந்த மாசத்தில் வேறு யாரிடம் கிடைக்கும், கிடைக்காது, கடையை ஒரு வருசம் மூடி வைத்தால் பிறகு திறக்க முடியுமா, முடியாது. சொல்லிவிட்ட சொல் வேறு இருக்கிறது. ஊர் வழக்கப்படி ஏற்றினதாகத்தான் கணக்கு, இனிமேல் இது என் பருத்தி, யார் தடுக்க முடியும். சந்தேகம் என்று ஒன்று கூட இருந்தவரைக்கும் இதையெல்லாம் அதன் தலையில் போட்டுவிட முடிந்தது, இருக்குமோ இருக்காதோ என்று அதன் நிழலிலேயே தைத்து விற்றுவிட்டிருக்கவும் முடியும். அதற்காகத்தான் போனைக் கவிழ்த்து வைத்தாளோ. சுமை தூக்குகிறவன் கழுத்து நரம்பு புடைக்க நின்றான். “எதுங்கக்கா,” என்றார் மாரப்பன், “ஏத்தறதா எறக்கறதா, ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க.”

எறக்குங்க என்றாள் அவள். தொண்டையில் பிறந்து தொண்டையிலேயே செத்த மாதிரி அத்தனை மெல்லியதாக வந்தது. துளசிமணி திரும்பவில்லை. என்னங், கேக்கலீங்களே என்று மாரப்பன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார். யார் காதிலும் விழவில்லை. அப்படியே விட்டுவிட்டால் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும், இன்னும் அந்த அளவுக்கு இடம் இருந்தது. கோகிலவாணி வாசல்படியில் இறங்கி, வெயிலுக்குள் வந்து நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி அதையே இன்னொரு தரம் சொன்னாள்.